செவ்வாய்க்கிழமை உன் முறை

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வயிறு மட்டும் இன்னும் நலத்துக்கு வந்து சேரவில்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் கடையில் வேலை எப்படி?

ரயிலடியில் என்னை அழைத்துப் போக வந்தவர் சீருடையில் நின்றார். போலீஸ் என்று நினைத்துப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவர்தான் நான் ஒரு வருடம் தங்கப் போகும் வீட்டுக்கார அம்மாள். நகரப் பேருந்து ஓட்டுகிறார். வீட்டம்மா என்றே எழுதுகிறேன். பக்கத்தில் பெட்டியோடு நின்றவன் அவருடைய ஒரே மகன், நம் வீட்டுக்குக் கிளம்பியவன். அவன் கட்டில் எனக்கு, என் கட்டில் அவனுக்கு. கை குலுக்கிக்கொண்டோம். அவன் முகத்தைப் பார்க்க நான் அண்ணாந்து நிற்க வேண்டியிருந்தது. நம் வீட்டு வாசல் நிலையை நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லி வை.

அறை மூன்று மீட்டர் இருபதுக்கு இரண்டு எழுபத்தைந்து. நில அளவை படிக்க வந்தவன் முதல் நாள் வேறு எதைச் செய்வான்? சமையலறைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. கிழமைவாரியாக யார் பாத்திரம், யார் மாடிப்படி, யார் குப்பை. வேலையை முடித்ததும் அவரவர் கட்டத்தில் குறி போட வேண்டும். மகன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை குப்பை என் முறை.

இங்கே ஒரே தடவைதான் கேட்கிறார்கள். "சாப்பிடறியா?" என்றார். நம் வழக்கப்படி "இல்லை, பரவாயில்லை" என்றேன். தட்டு அலமாரிக்குப் போய்விட்டது. இரண்டு நாள் பட்டினி கிடந்த பிறகுதான் பாடம் ஏறியது.

மாணவர் பரிமாற்ற அலுவலகத்தில் இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டோடு கடிதத் தொடர்பு மட்டும்தான். போன் பேசினால் இங்கே மனம் ஒட்டாதாம். இரண்டு வீட்டில் எந்த வீட்டிலாவது மாணவன் தங்க முடியாமல் போனால், இரண்டு பேருடைய வருடமும் ரத்து.

அம்மாவுக்கு என் வணக்கம். பதில் போடு.

உன் தம்பி

—

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழை நாளில் மட்டும் பேசுகிறது. கடையில் டாக்டர் பல்லைப் பிடுங்கிப் போடுகிறார், நான் பல்செட் செய்து மாட்டுகிறேன். ஊரில் பாதிப் பேர் சிரிப்பு என் மேசையில்தான் காய்கிறது.

நீ சொன்னது வந்து சேர்வதற்குள் அவனே வந்துவிட்டான். வாசலில் கால் வைத்தான், நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அன்றைக்கே நெட்டையன் என்று பெயர் வைத்துவிட்டோம். அர்த்தம் சொன்னதும் பெரிய விருது வாங்கியவன் போலத் தலை குனிந்தான். அம்மா ஸ்டூல் போட்டு ஏறி நிலையில் பழைய துணியைச் சுருட்டிக் கட்டியிருக்கிறாள். வாரத்தில் இரண்டு தடவை அவிழ்ந்து விழுகிறது, இரண்டு தடவை ஏறுகிறாள். "நான் கட்டறேன்மா" என்றால், "உன் முடிச்சு நிக்காதுடி" என்கிறாள். அவள் முடிச்சும் நிற்கத்தான் இல்லை, யார் சொல்வது?

உன் பட்டினிக்கு இங்கே பரிகாரம் நடக்கிறது. அவன் ஒரு தடவை "போதும்" என்றால் நிஜமாகவே போதும். அம்மா விடுவாளா? மூன்று தடவை கேட்கிறாள், மூன்று தடவையும் சாப்பிடுகிறான். மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறான் போல. பெல்ட்டில் ஒரு துளை நகர்ந்துவிட்டது.

மூன்றாம் நாளே அட்டவணை கேட்டான். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "விருந்தாளி கையில விளக்குமாறா? ஊரே காறித் துப்பும்." அவன் புத்தகத்தில் படித்த நம் பேச்சில், "அம்மா, எனக்கு வேலை இல்லை என்றால் எனக்கு வீடும் இல்லை" என்றான். நான் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது குறி போட நாலு நிறப் பேனா வாங்கி வைத்திருக்கிறான்.

நீ கிளம்பும்போது அம்மா சொன்னதை மறக்க வேண்டாம் என்று மறுபடி எழுதச் சொல்கிறாள்: "ஒரு வீட்டுக்குள்ள கஷ்டம் நுழைஞ்சா விருந்தாளி வெளிய வந்துடணும்." அப்பா போன சமயம் துக்கம் கேட்க வந்த கூட்டம் மூன்று வாரம் உட்கார்ந்து சாப்பிட்டதை அவள் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

—

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நெட்டையனின் பெல்ட் விவகாரத்தை வீட்டம்மாவிடம் சொன்னேன். வண்டி ஓட்டுகிறவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நல்ல வேளை, வண்டி நின்றிருந்தது.

வகுப்பில் அளவைக் கருவியின் முக்காலியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக மட்டம் பார்க்கிறோம். சனிக்கிழமைகளில் வீட்டம்மாவின் பேருந்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவேன். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். நான் பெயரைச் சரியாகச் சொன்னால் தலையாட்டுவார். அப்படித்தான் இந்த ஊர் மொழியில் முப்பத்தொரு பெயர் கற்றுக்கொண்டேன்.

வீட்டம்மா நாலு நாளாக லீவில் வீட்டில் இருக்கிறார். வேறு விசேஷம் இல்லை.

அம்மாவை ஸ்டூலில் ஏற விடாதே.

உன் தம்பி

—

அக்டோபர் 28

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகம், எல்லோரும் சுகம். நெட்டையன் மட்டும் சளி பிடித்து நாலு நாள் மூக்கோடு போராடினான். அம்மா கஷாயம் வைத்து மூன்று தடவை கேட்டாள். அதிலும் மறுக்கவில்லை, பாவம்.

வீட்டம்மா லீவு என்று எழுதியிருந்தாய். சரி, நல்லதுதான். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நாலு சுவருக்குள் இன்னொருவர் இருந்தால் நீ ஐந்தாவது சுவராகிவிடுவாய். தினமும் வண்டியில் நூறு பேரைப் பார்த்துப் பழகியவர் வீட்டில் உட்கார்ந்தால் நாக்கு உலர்ந்து போகும். சாயங்காலம் சீக்கிரம் போ. பக்கத்தில் உட்கார். பேச ஒன்றும் இல்லையென்றால் அறையின் அளவைச் சொல்லு.

இன்னொன்று. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்ன ஆரம்பித்திருக்கிறாள். உன் பாதத்தின் நீளத்தை அளந்து எழுது. ஊரையே அளக்கிறாய், இதை அளக்க மாட்டாயா? மறந்துவிடாதே, அவள் பாதியில் நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறாள்.

உன் அக்கா

—

நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இனிமேல் கல்லூரி முகவரிக்கே எழுது. வீட்டு அஞ்சல் பெட்டியின் பூட்டு கெட்டுக் கிடக்கிறது.

வீடு நன்றாக இருக்கிறது. குளிர் ஆரம்பித்துவிட்டாலும் என் அறை நல்ல கதகதப்பு. ஜன்னலில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். துடைத்தால் தெரு தெரியும். வீட்டம்மா சௌக்கியம். உங்கள் எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னார். காலையில் முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். அட்டவணை ஒழுங்காக நடக்கிறது.

இரண்டாவது தேர்வில் வகுப்பில் மூன்றாவதாக வந்தேன். அம்மாவிடம் சொல்.

உன் தம்பி

—

டிசம்பர் 1

தம்பிக்கு,

மூன்றாவது இடமா? சந்தோஷம். அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறாள், அதனால் தன் கையால் இரண்டு வரி எழுதவில்லை. மற்றபடி நாங்கள் நலம். இங்கே வேறு விசேஷம் இருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

பாதத்தின் நீளம் கேட்டிருந்தேனே, என்ன ஆயிற்று?

நெட்டையனுக்கு ஓர் உதவி. அவனுடைய பச்சை ஸ்வெட்டர் உன் அறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறதாம். நம் ஊரில் குளிராது என்று யாரோ சொன்னதை நம்பி விட்டுவிட்டு வந்திருக்கிறான். எடுத்து அனுப்பு. கை நீட்டினால் எட்டும் தூரம்தானாம். அவன் கை என்று சொல்கிறான், நீ நாற்காலி போட்டுக்கொள்.

உன் கடிதத்தில் ஏன் இத்தனை சோப்பு வாசனை? காகிதத்தைத் துவைத்துக் காயப்போட்டு எழுதுகிறாயா?

அக்கா

—

டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்கு ஓய்வு கிடைப்பது நல்லதுதான். பாதம் இருபத்தைந்தரை சென்டிமீட்டர். நீ எப்போது கேட்டாய் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஸ்வெட்டரைத் தேடினேன். அலமாரியில் இல்லை. வீட்டம்மா எங்காவது எடுத்து வைத்திருப்பார், கேட்டுச் சொல்கிறேன். அவர் நலமாக இருக்கிறார், அம்மாவை விசாரித்தார். சோப்பு வாசனைக்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

உன் தம்பி

—

ஜனவரி 6

டேய்,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நலம் விசாரிப்பது கடைசியில்.

பச்சை ஸ்வெட்டர் நேற்று வந்து சேர்ந்தது. அனுப்பியவர் வீட்டம்மா. நெட்டையன் அவருக்கும் எழுதிக் கேட்டிருந்தான். மேல் தட்டில்தான் இருந்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ வீட்டையே மறைத்திருக்கிறாய்.

பார்சலோடு அவனுக்கு ஒரு கடிதம். படித்தான், மடித்தான், கவிழ்த்து வைத்தான். அன்று மாலை முதல் தடவையாக அட்டவணையில் ஒரு கட்டம் காலி. நான் விடுவேனா, தொண்டையில் விரல் விட்டாவது எடுப்பேன் என்று உட்கார்ந்தேன். பேருந்தில் ஏதோ விபத்து, அவன் அம்மாவிடமிருந்து வண்டியை வாங்கி வைத்திருக்கிறார்கள், அதன் பிறகு அக்டோபர் முப்பதாம் தேதி நீ பெட்டியோடு கிளம்பிவிட்டாய். "கல்லூரி விடுதியில் இருக்கிறான், பத்திரமாக இருக்கிறான், அவன் வீட்டில் சொல்லாதே" என்று எழுதியிருக்கிறார். அந்த அம்மாள் மகனிடமே இரண்டு மாதம் மறைத்திருக்கிறார், அவன் இங்கிருந்து வருத்தப்படுவான் என்று.

ஆனால் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது என்று நினைக்காதே. அதற்கு முன்பே தெரியும். இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். நவம்பர் இருபதாம் தேதி அம்மா வாசல் நிலையில் துணி கட்ட ஸ்டூலில் ஏறி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தது. இன்றுவரை படுக்கைதான். பயப்படாதே, தேறி வருகிறாள். அலுவலகத்துக்குத் தெரிந்தால் விருந்தாளியை வைத்துக்கொள்ள முடியாத வீடு என்று சொல்லி இரண்டு பேர் வருடத்தையும் ரத்து செய்துவிடுவார்கள். அதனால் உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள். நெட்டையனிடம் சத்தியம் வாங்க மறந்துவிட்டாள். அவன் இருபத்திரண்டாம் தேதியே தன் அம்மாவுக்கு எழுதிவிட்டான். நீ அந்த வீட்டில் இருந்திருந்தால் அது கிடைத்த அன்றைக்கே அவர் உன்னிடம் சொல்லியிருப்பார்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி நீ எழுதிய கடிதத்தில் "ஓய்வு கிடைப்பது நல்லதுதான்" என்று இருந்தது. அதைப் படித்ததும் நீ அந்த வீட்டில் இல்லை என்று புரிந்துவிட்டது. வாய்க்குப் பொருந்தாத பல்செட் போல இருக்கிறது உன் கடிதம். பார்க்க அழகு, கடிக்கத்தான் வராது.

நெட்டையன் என்ன செய்கிறான் தெரியுமா? அம்மா விழுந்த அன்று அவன்தான் தூக்கினான். இன்றுவரை காலையும் மாலையும் அவன்தான் தூக்கி நாற்காலியில் வைக்கிறான். அம்மா வெட்கத்தில் செத்துப் போகிறேன் என்று கத்தினாள். "அம்மா, செவ்வாய் என் முறை" என்றான். செவ்வாய் முடிந்ததும் புதனும் தன் முறைதான் என்கிறான். அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் தன் பெயரை எழுதிக்கொண்டுவிட்டான். நேற்று, தன் அம்மா அங்கே தனியாக இருக்கிறார் என்று தெரிந்தும், ஊருக்குப் போகிறேன் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "அவன் ஏன் போனான், அக்கா?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவனுக்கு முன்னால் அழுதும் விட்டேன். இத்தனை வருடத்தில் உன்னால் எனக்கு வந்த முதல் அவமானம் இது.

நீ எங்கே இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? எழுது.

அக்கா

—

ஜனவரி 20

அக்கா,

அம்மாவைப் பற்றிப் படித்ததும் கல்லூரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்று எப்படி இருக்கிறாள்? மறைக்காமல் எழுது. மறைக்காமல் எழுது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, தெரியும்.

நான் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் இருக்கிறேன். மாலையில் துணி மடித்துக் கொடுக்கிறேன், அதற்காகத் தங்க இடம். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் ஓடுகிறது. கதகதப்பும் ஆவியும் சோப்பும் அதுதான். சாப்பிடுகிறேன்.

அக்டோபர் பத்தாம் தேதி வீட்டம்மாவின் பேருந்தில் ஒரு பெரியவர் இறங்கும்போது கதவு மூடி, விழுந்து கால் முறிந்தது. பிழை கதவிலா, ஓட்டியவரிடமா என்று விசாரணை. அது முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளும் வீட்டம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்தார். சீருடை போட்டுக்கொண்டார். சமையலறை மேசையில் உட்கார்ந்தார். எட்டு மணிக்கு நான் கிளம்பும்போதும் உட்கார்ந்திருந்தார், சாயங்காலம் திரும்பும்போதும் அதே நாற்காலி. அட்டவணையில் அவர் கட்டங்கள் காலி. நான் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து குறி வைப்பேன். அதுவே கூச்சமாக இருந்தது. துக்க வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது.

அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கஷ்டம் நுழைந்தால் விருந்தாளி வெளியே வந்துவிட வேண்டும். நான் ஓடிப் போகவில்லை அக்கா, மரியாதை என்று நினைத்துத்தான் போனேன். விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது என்று பொய் சொன்னேன். "சரி" என்றார். "இரு" என்று சொல்வார் என்று பெட்டியை மூன்று தடவை திறந்து மூடினேன். இங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள், அவர் அந்த ஒரு தடவையும் கேட்கவில்லை. அலுவலகத்தில் சொன்னால் நெட்டையனும் கிளம்ப வேண்டி வரும் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி இருபதாம் தேதி அலுவலக அதிகாரி எல்லா வீடுகளையும் பார்க்க வருகிறாராம். நான் என்ன செய்வது? எந்த முகத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது? தட்டினால், அதிகாரிக்காக வந்திருக்கிறான் என்றுதானே நினைப்பார்? நெட்டையனிடம் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி

—

பிப்ரவரி 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டிவிட்டேன். இனி இந்த வீட்டில் மறைப்பதற்கு யாருக்கும் தெம்பில்லை. கீழே உள்ளது அவள் சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு வார்த்தை மாற்றக் கூடாதாம்.

"கண்ணா, நான் நல்லா இருக்கேன். கம்பைப் பிடிச்சுக்கிட்டு கதவு வரைக்கும் போறேன். நெட்டையன் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் பின்னாலயே வர்றான், கோழி பிடிக்கறவன் மாதிரி. நீ கவலைப்படாதே.

அந்தப் பேச்சைச் சொன்னது நான்தான். இல்லேன்னு சொல்லலை. உங்கப்பா போனப்ப பதினோரு பேரு இருபத்திரெண்டு நாள் இங்க உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அழ நேரமில்லாம ஆக்கிப் போட்டேன். அந்த எரிச்சல்ல சொன்னது. ஆனா இருபத்திமூணாம் நாள் என்ன ஆச்சுன்னு உங்க ரெண்டு பேருக்கும் நான் சொன்னதே இல்லை. எல்லாரும் போயிட்டாங்க. நீங்களும் ஸ்கூலுக்குப் போயிட்டீங்க. எனக்கு அடுப்பு பத்த வைக்கத் தோணலை. உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தராவது, வாயைத் திறந்தா குறை சொல்ற உங்க பெரிய அத்தையாவது, திரும்பி வந்து 'என்ன, இன்னும் டீ போடலையா?'ன்னு ஒரு அதட்டு அதட்ட மாட்டாங்களான்னு இருந்தது. சத்தியமா சொல்றேன்டா. இத்தனை வருஷமா பாதியைச் சொல்லி உன்னை வளர்த்துட்டேன். தப்பு என்னோடது.

அவங்க 'இரு'ன்னு சொல்லலைன்னு எழுதியிருக்கே. வேலை போய் உட்கார்ந்திருக்கறவங்க எந்த வாயால சொல்லுவாங்க? 'இருக்கட்டுமா'ன்னு நீ கேட்டியா? அவங்க ஊர்ல ஒரு தடவை கேட்டாப் போதும்னு நீதானே எழுதினே. போய் ஒரே ஒரு தடவை கேளு. அதிகாரி வர்றது ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை என்னைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம்தான் வருது. அவங்களுக்கு யாரு இருக்காங்க?"

இதற்குமேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நெட்டையன் ஒன்று சொல்லச் சொன்னான். சமையலறை மேசையில் சுவர்ப் பக்க நாற்காலியில் நீ உட்காராதேயாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். மற்றது உட்கார நன்றாக இருக்குமாம். அவ்வளவுதான் சொன்னான்.

அக்கா

—

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு, நெட்டையனுக்கு,

நான் நலம். வீட்டம்மாவும் நலம். இந்தத் தடவை அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா கதவைத் தாண்டிவிட்டாளா?

முக்கியமானது முதலில். அதிகாரி நேற்று வந்து போனார். வருடம் ரத்தாகவில்லை. நெட்டையனிடம் இந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டு.

பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்குப் போனேன். இந்த ஊர் மொழியில் பன்னிரண்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன், விபத்தைப் பற்றி, அம்மாவைப் பற்றி, மன்னிப்பைப் பற்றி. சீருடையில்தான் கதவைத் திறந்தார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். பன்னிரண்டில் ஒன்றும் வரவில்லை. "நான் இங்க இருக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். ஒரு தடவைதான்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிறுத்தத்தில் வண்டி எடுக்கும் முன் பார்ப்பாரே, அப்படி. பிறகு, "குப்பை வண்டி அஞ்சு மணிக்கு. இன்னைக்கு உன் முறை" என்றார்.

பெட்டியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அட்டவணை அதே இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே, நீ அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி எழுதிய கடிதம், பிரிக்காமல், ஊசியால் குத்தி வைத்திருந்தது. வீட்டம்மா அதைக் கல்லூரி வாசல்வரை இரண்டு தடவை எடுத்து வந்தாராம். சீருடை போட்டுக்கொண்டு, வண்டி இல்லாமல், மாணவர்கள் நடுவே உள்ளே வர முடியவில்லை என்றார். அதைப் பிரித்துப் படித்தேன். பக்கத்தில் உட்கார், பேச ஒன்றும் இல்லையென்றால் அறையின் அளவைச் சொல்லு என்று எழுதியிருக்கிறாய். அம்மாவின் கம்பளிக் காலுறைக்குப் பாதத்தின் நீளம் கேட்டதும் அதில்தான் இருந்தது. மூன்றரை மாதம் தள்ளிப் படித்தேன் அக்கா. அங்கேயே நின்றபடி அழுதேன்.

அட்டவணையில் என் பெயர் அடிக்கப்படவில்லை. நான் போன மறுநாளிலிருந்து என் கட்டங்கள் ஒன்றுகூடக் காலி இல்லை. பதினைந்து செவ்வாய், பதினைந்து குறி. மாடிப்படி, பாத்திரம், எல்லாவற்றிலும் என் பெயருக்கு நேரே குறி. அதிகாரிக்காக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் வருகிற செய்தி ஜனவரியில்தான் வந்தது. குறிகள் அக்டோபர் முப்பத்தொன்றிலிருந்து இருக்கின்றன. வீட்டம்மாவின் சொந்தக் கட்டங்கள் பாதிக்கு மேல் காலி. தன் வேலையைச் செய்ய முடியாத நாளில்கூட என் வேலையைச் செய்திருக்கிறார்.

நேற்று அதிகாரி அதன் முன்னால் நின்று, "பையன் ஒரு நாள்கூட விடலையே!" என்று மெச்சினார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டம்மா அவருக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார், ஒரு தடவை. அவர் "பரவாயில்லை" என்றார், கோப்பை அலமாரிக்குப் போய்விட்டது.

விசாரணை இன்னும் முடியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சீருடை போட்டுக்கொள்கிறார். நானும் ஐந்து மணிக்கு எழுந்து எதிரே உட்கார்கிறேன். நேற்று அறையின் அளவைச் சொன்னேன். மூன்று இருபத்திரண்டு இருக்கும், நான் இரண்டு சென்டிமீட்டர் விட்டுவிட்டேன் என்று சண்டை போட்டார். இன்று அளந்து பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி.

செவ்வாய்க்கிழமை கதையை முடிக்கவில்லை. குப்பைப் பையைக் கட்டி எடுத்துக்கொண்டு கீழே போனேன். வண்டி வரும்வரை அங்கேயே நின்றேன். மேலே வந்தபோது வீட்டம்மா அட்டவணைக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்றிருந்தார். அவர் குறி போடவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார்.

உன் தம்பி